இரண்டு நகரச் செயலாளர்களுக்கு ஒரே சாப்பாட்டுக் கேரியர்

என் தம்பி என் கணவரைக் கட்சியிலிருந்து நீக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதே செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடித்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்த பிறகு, என் கணவர் என் தம்பியை நீக்கினார். இரண்டு நீக்கமும் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட, நிரந்தரமானது. இரண்டு அறிக்கைக்கும் கடைசி வரி ஒன்றுதான். இவரோடு கட்சியினர் யாரும் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.

நான் கட்சிக்காரி இல்லை. சிவகாசியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த உத்தரவு என்னைக் கட்டுப்படுத்தாது என்பதால், சாயங்காலம் ஒரு தூக்குவாளியில் மீன் குழம்பை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன்.

"அத்தான் கோவமா இருக்காகளா?" என்று தம்பி கேட்டான்.

"தூங்கி எந்திரிச்சுதான் உன்னைய நீக்குனாக. கோவம் இருந்தா தூக்கம் வருமா?" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. எதிரி கோபப்படவில்லை என்றால் நீக்கியதில் என்ன இருக்கிறது?

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நீங்கள் எதை நினைத்தாலும் பொருந்தும். என் கணவருக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை உண்டு. கடையை வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள், அவர் நகரத்தைப் பார்த்துக்கொண்டார். பல வருஷமாகக் கட்சியின் நகரச் செயலாளர். என் தம்பி ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறான். பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அடிப்பான். அவன் துணைச் செயலாளர். அவனைக் கட்சிக்கு இழுத்துக்கொண்டு வந்ததே என் கணவர்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், "மாப்ள, சும்மா வா, போஸ்டர் ஒட்டிட்டு வருவோம்" என்று கூட்டிப்போனார். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே வண்டியில், ஒரே கூட்டத்துக்கு, ஒரே நிறத்தில் துண்டு போட்டுக்கொண்டு போனார்கள். ஊரில் எங்கள் இரண்டு வீட்டையும் அக்கா வீடு, தம்பி வீடு என்று சொல்ல மாட்டார்கள். செயலாளர் வீடு, துணைச் செயலாளர் வீடு என்றுதான் சொல்வார்கள்.

சென்னையில் தலைவர் இறந்தபோது இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அது உண்மையான அழுகை, அதில் நான் கேலி பேச மாட்டேன். கேலிக்குரியது அடுத்து வந்தது. துக்கம் கழிவதற்குள் தலைவரின் நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கண்ணாடி போட்டவர், மற்றவர் பெரிய மீசை வைத்தவர். பேர் சொல்லிப் பழகாத எங்கள் ஊர் ஜனங்கள் கண்ணாடி அணி, மீசை அணி என்று பிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே கொடியை வைத்துக்கொண்டார்கள், ஒரே தலைவரின் படத்துக்கு மாலை போட்டார்கள், ஒரே கொள்கையைக் காப்பாற்றுவதாகச் சொன்னார்கள். அப்புறம் எதற்காகப் பிரிந்தீர்கள் என்று நான் என் கணவரிடம் கேட்டேன்.

"அது கொள்கைப் பிரச்சனை. உனக்குப் புரியாது."

எனக்குப் புரிந்த அளவில் அவருடைய கொள்கை இது: மீசைக்காரர் ஒரு தடவை ரயிலில் சாத்தூர் வந்து இறங்கியபோது, மாலையோடு நின்ற என் கணவரைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டார். அதற்கு முந்தின வருஷமும் அதே பிளாட்பாரத்தில் அவருக்கு மாலை போட்டவர் என் கணவர்தான். ஆகவே என் கணவர் கண்ணாடி அணி. என் தம்பியின் கொள்கை இன்னும் எளிது. கண்ணாடி அணியில் நகரச் செயலாளர் பதவியில் ஏற்கனவே அத்தான் உட்கார்ந்திருந்தார். மீசை அணியில் அந்த இடம் காலி.

இப்படியாக எங்கள் ஊருக்கு ஒரு கட்சியும் இரண்டு நகரச் செயலாளர்களும் கிடைத்தார்கள். தொண்டர்கள்தான் பத்தவில்லை. டயர் கடை மாடியில் இருந்த கட்சி ஆபீசில் சாயங்காலம் கேரம் ஆட வருகிறவர்களையும் சேர்த்துத்தான் தொண்டர்கள் என்று கணக்கு. அவர்களையும் பங்கு பிரித்தபோது, ஒரு பக்கம் கேரம் போர்டும் மறுபக்கம் காய்களும் போய்விட்டன என்று டயர் கடைக்காரர் என்னிடம் வருத்தப்பட்டார். அவருக்கு அந்தச் சத்தம் இல்லாமல் வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லையாம்.

சண்டை அந்த ஆபீசுக்காகத்தான் வந்தது. கண்ணாடி அணி ஒரு பூட்டுப் போட்டது. பூட்டு எங்கள் கடையிலிருந்து போனது, நல்ல பூட்டு. அதன் மேலேயே மீசை அணி இன்னொரு பூட்டுப் போட்டது. அதையும் தம்பி எங்கள் கடையில்தான் வாங்கியிருந்தான். கடையில் நின்றவர் செயலாளரின் மச்சினன் என்று விலையில் குறைத்தும் கொடுத்திருக்கிறார். மறுநாள் தலைவரின் பிறந்த நாள். படத்துக்கு மாலை போட இரண்டு அணியும் ஒரே நேரத்தில் மாடிப்படி ஏறியது. அது ஒரு ஆள் ஏறினால் எதிரே வருகிறவர் ஒதுங்க வேண்டிய படி. பூட்டை உடைத்து உள்ளே போனதும் பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. படத்துக்கு வாங்கிவந்த மாலையால்கூட ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்களாம். என் கணவருக்கு நெற்றியில் காயம். தம்பிக்குக் கை பிசகிவிட்டது. யாரும் யாரையும் குறிபார்த்து அடிக்கவில்லை. எங்கள் ஊரில் இவ்வளவு பேர் இவ்வளவு சின்ன ரூமில் நாற்காலியோடு நின்றால், காற்றில் வீசினாலே யார் மேலாவது பட்டுவிடும்.

இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். புகார் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கேஸ் நிற்காது, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று அவரவர் அணியின் வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு நகரச் செயலாளர்களும் சேர்ந்தார்கள். காலி இருந்தது ஒரே வார்டு. நடுவில் ஒரு கட்டில் விட்டு இரண்டு பேரையும் போட்டார்கள். நடுக்கட்டிலில் எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். இடது பக்கம் பார்த்தால் ஒரு துண்டு, வலது பக்கம் பார்த்தாலும் அதே துண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன்னிடம் ஓட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று பயந்து அவர் மல்லாக்கவே கிடந்தார்.

வார்டு நர்ஸ் எங்கள் சபையில் என்னோடு பாடல்குழுவில் பாடுகிறவள். என்னைக் கதவோரம் கூப்பிட்டாள்.

"டீச்சர், ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காக. நெசமான நோயாளிக்குத்தான் கட்டில் இல்ல. கூட்டிட்டுப் போயிருங்க."

"வக்கீல் சொன்னாத்தான் வருவாகளாம்."

"அப்ப ஊசியும் வக்கீலே போடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு கேரியர்தான் இருந்தது. மேல் அடுக்கில் சோறு, அடுத்ததில் மீன் குழம்பு, கீழே பொரியல். தம்பி பெண்டாட்டி பிரசவத்துக்காக வெம்பக்கோட்டையில் தாய்வீட்டில் இருந்தாள், அதனால் அவனுக்கும் நான்தான். முதலில் கணவருக்குப் பரிமாறினேன். பிறகு நடுக்கட்டில் பெரியவருக்கு ஒரு கை சோறு போட்டேன். பிறகு தம்பிக்கு. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். தம்பிக்கு வலது கையில் கட்டு. இடது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் தடுமாறினான். நான் ஊட்டலாம் என்று தட்டை வாங்கினேன். அப்போது சுவரைப் பார்த்தபடியே என் கணவர் சொன்னார்.

"அவனுக்கு முள்ளு எடுத்துக் குடு. சின்னதிலேயே தொண்டையில மாட்டிக்கிட்டவன்."

தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியை அவர் மீறவில்லை. பேசியது என்னிடம்தான்.

இதற்கு நடுவில் எங்கள் மகளுக்கு வரன் அமைந்தது. மகள் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை சாத்தூர்ப் பையன், பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கட்சியிலும் இல்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் சரி சொன்னேன். ஜாதகம் பார்க்காத வீடு எங்களுடையது. அந்த இடத்தில் இதைப் பார்த்துக்கொண்டேன்.

பத்திரிகை அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் காதுகுத்து முதல் கல்லறைத் திருநாள் வரை எல்லாப் பத்திரிகையும் தம்பி பிரஸ்ஸில்தான் அடிப்போம். என் கணவர் முடியாது என்றார்.

"எதிரணி பிரஸ்ஸுல எம்மக பத்திரிகையா? எம்பேருக்கு முன்னால 'முன்னாள்'னு போட்ருவான்."

அவர் எழுதிய வாசகத்தில் மணமக்கள் பெயருக்கு மேலே கண்ணாடிக்காரரின் பெயர் இருந்தது. வாழ்த்துரை, முன்னிலை, சிறப்பு விருந்தினர் என்று இறங்கி இறங்கி, பெற்ற தாயான நான் பின்பக்கத்தில் பஸ் ரூட்டுக்கு மேலே இருந்தேன். தாய்மாமன் பெயர் எங்குமே இல்லை. மகள் மதுரையிலிருந்து வந்து அதை வாங்கிப் படித்தாள்.

"அப்பா, இதுல எனக்குக் கல்யாணமா, அவருக்கா?"

"பெரிய மனுசங்க பேரு இருந்தா ஒரு கௌரவம்மா."

"அப்ப அவரையே கட்டிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. மறுநாள் காலை அவர் தாமாகவே பேனாவை எடுத்து அரசியல் பெயர்களை எல்லாம் அடித்தார். கண்ணாடிக்காரர் பெயரை அடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது.

வேறொரு பிரஸ்ஸில் கொடுத்தார். அது காலண்டர் சீசன். அந்தப் பிரஸ்காரருக்கு ஆர்டர் குவிந்து கிடந்ததால், எங்கள் பத்திரிகையை இன்னொருவரிடம் அடிக்கக் கொடுத்தார். சிவகாசியில் அது வழக்கம். அந்த இன்னொருவர் என் தம்பி.

பெட்டி வந்ததும் என் கணவர் ஒன்றை எடுத்துப் படித்தார். அவர் எழுதிக்கொடுத்ததில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது, பத்திரிகையில் சரியாக இருந்தது. தேதிக்குப் பக்கத்தில் கிழமை விட்டுப்போயிருந்தது, அதுவும் இருந்தது. கீழே, அவர் எழுதாத ஒரு வரி, "தங்கள் நல்வரவை விரும்பும் தாய்மாமன்" என்று தம்பி பெயரோடு இருந்தது. நகரச் செயலாளர் என்று போடவில்லை. என் கணவர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தின் அழுத்தத்தைக் கட்டை விரலால் தடவினார். மெஷின் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை சொல்ல வேண்டியவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். அந்தக் கணத்தில் நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். வலது பக்கம் ஆண்கள் வரிசையில் கணவர் முன்னால், தம்பி பின்னால். சபையே என் தம்பியைத் திரும்பிப் பார்த்தது. அவன் தொண்டையைச் செருமினான். எனக்கு உயிர் போய் வந்தது. சளிதான்.

கல்யாணம் சபைக் கோவிலில் அமைதியாக முடிந்தது. தொல்லை எல்லாம் வரவேற்பு மண்டபத்தில் காத்திருந்தது. வாசலின் இடது பக்கம் கண்ணாடிக்காரர் கும்பிடும் பிளக்ஸ், வலது பக்கம் மீசைக்காரர் கும்பிடும் பிளக்ஸ். மணமக்கள் படம் இரண்டிலும் உண்டு, உற்றுப் பார்த்தால் தெரியும். இரண்டு அணியின் மாவட்டச் செயலாளர்களும் விருதுநகரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதலில் வருகிறவர்தான் மேடையில் பேசுவார் என்பதால், இரண்டு அணி ஆட்களும் ரோட்டில் நின்று கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு போலீசாரோடு வந்து, பிரியாணி வாசத்தைக் கவனிக்காதவர் போல நின்றார்.

பந்தியில் இரண்டாவது வரிசை உட்காரும் நேரம். முதலில் ஒரு போன் அடித்தது. பிறகு மண்டபத்தில் இருந்த எல்லாக் கட்சிக்காரர் போனும் ஒன்றாக அடித்தது. என் கணவர் போனை எடுத்துப் பார்த்தார். மேடையின் அந்தக் கோடியில் நின்ற தம்பியும் எடுத்துப் பார்த்தான். நான் எட்டிப் பார்த்தேன். சென்னையில் கண்ணாடிக்காரரும் மீசைக்காரரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவரின் ஆன்மா கேட்டுக்கொண்டதால் இணைந்துவிட்டார்களாம். ஆன்மா அன்று காலைதான் கேட்டிருக்கிறது போலும்.

கண்ணாடி அணிக்காரர்கள் மீசை அணிக்காரர்களைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முன்பு வரை முறைத்தவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், ஆனால் எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தகவல் இல்லை. இரண்டு பேர் வெளியே ஓடி, பிளக்ஸ் இரண்டையும் பக்கம் பக்கமாக நகர்த்திக் கட்டினார்கள். சற்று நேரத்தில் ஒரு கார் வந்தது. ஒரே கார். அதன் ஒரு கதவிலிருந்து ஒரு மாவட்டச் செயலாளரும், மறு கதவிலிருந்து மற்றவரும் இறங்கினார்கள். மேடையேறி, "எங்களை யாராலும் பிரிக்க முடியாது" என்றார்கள். மாப்பிள்ளை அதைத் தனக்கான வாழ்த்து என்று நினைத்து, நன்றி சொன்னான்.

அவர்கள் போன பிறகு என் கணவரும் தம்பியும் மேடைக்குப் பின்னால் தனியாக நின்றார்கள். நெற்றித் தழும்பும் பிசகிய கையும் எதிரெதிரே.

"நமக்கு முன்கூட்டி ஒரு வார்த்த சொல்லலையே அத்தான்" என்றான் தம்பி.

"எனக்கும் சொல்லல மாப்ள."

என் கணவர் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் வலிக்கா?"

"மழ பெஞ்சா வலிக்கு."

"எண்ணெய் போட்டு நீவணும். வா, சாப்பிடுவோம்."

இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. புகைப்படக்காரர், மகளைப் பிரியும் தாய் என்று நினைத்து அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

இணைந்த கட்சியில் நகரச் செயலாளர் யார் என்ற கேள்வி வந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கத் தயார், மற்றவர் முதலில் விட்டுக்கொடுத்தால். ஒன்றாகவே ரயிலேறிச் சென்னைக்குப் போனார்கள். அங்கே வரவேற்பறையில் காத்திருந்து, மீசைக்காரரைப் பார்த்தார்கள். அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் அதே கேள்வியை என் தம்பியிடம் கேட்டார். இரண்டு தலைவர்களுக்கும் நடுவே கருத்து வேறுபாடு இல்லை என்பது அப்போது உறுதியானது.

பதவி மூன்றாவது ஆளுக்குப் போனது. சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். அதற்கு முந்தின மாதம் வரை எதிர்க்கட்சியில் இருந்து, எங்கள் கட்சிக் கொடியை எரித்த போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர். கட்சிக்கு உழைத்தவர்களை அரவணைத்துப் போவேன் என்று பதவியேற்பில் பேசினார். அவரை வரவேற்கும் பிளக்ஸில் என் கணவரும் தம்பியும் அடிவரிசையில், வரவேற்று மகிழும் கூட்டத்தோடு கூட்டமாக மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். படம் கேட்டு யாரும் வரவில்லை. எங்கள் மகள் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் என் கணவர் கையில் பிரியாணி தெரியும்.

தம்பிக்கு இன்னொரு நஷ்டம். மீசைக்காரர் மட்டும் இருக்கும் காலண்டரை அடித்து வைத்திருந்தான், அது எடைக்குப் போனது. புதிய காலண்டரில் இரண்டு தலைவர்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒருவர் காதுகூட மற்றவரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று சென்னையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பெரிய முகத்துக்கு இடம் பத்தவில்லை. கடைசியில் மறைந்த தலைவர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, மூலையில் ஆணி அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். படத்தைச் சரிபார்க்க என் கணவரும் பிரஸ்ஸுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் அன்று காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் இணைந்தது. கேஸ் மட்டும் இணையவில்லை. டயர் கடை மாடியில் நாற்காலி பறந்ததற்கு இரண்டு வழக்கு. ஒன்றில் என் கணவர் புகார்தாரர், தம்பி எதிரி. மற்றதில் தம்பி புகார்தாரர், என் கணவர் எதிரி. கட்சி இணைந்ததும் கட்சியின் வக்கீல்கள் இரண்டு பேரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். புதிய செயலாளரிடம் சொன்னதற்கு, அது தான் வருவதற்கு முன்னால் நடந்தது, தன்னைச் சம்பந்தப்படுத்த வேண்டாம் என்றார். சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். யார் புகாரை முதலில் வாபஸ் வாங்குவது என்பதில் பேச்சு நின்றுபோனது. அந்த ஒரு கொள்கையைத்தான் இரண்டு பேரும் இன்றுவரை விடவில்லை.

ஆகவே வாய்தா தோறும் போகிறார்கள். எங்கள் வீட்டு வண்டியில், தம்பி ஓட்ட, அத்தான் பின்னால் உட்கார்ந்து. இப்போது இரண்டு எதிரிகளுக்கும் ஒரே வக்கீல். பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள் நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அன்று தம்பி வரவில்லை. தாய்வீட்டில் பெண்டாட்டியோடு இருந்த கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வெம்பக்கோட்டைக்குப் போயிருந்தான். வேப்பமரத்து நிழலில் என் கணவர் வக்கீலைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அவன் வரலைன்னா வாரண்ட் போட்ருவாகளா? ஒரு மனு குடுத்துருங்க சார். பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்ல."

வக்கீல் கையிலிருந்த கேஸ் கட்டைப் புரட்டினார். "இந்தக் கேஸுல அவருதான் உங்களை அடிச்சவரு. நீங்க புகார்தாரரு."

"ஆமா சார், அடிச்சான். அதுக்காக வாரண்டு வரைக்கும் போகவிட முடியுமா? மனுவை எழுதுங்க."

வக்கீல் எழுதினார். உள்ளே கூப்பிட்டார்கள், கேஸைத் தள்ளி வைத்தார்கள். வெளியே வந்ததும் என் கணவர் போனை எடுத்து, அடுத்த வாய்தா தேதியைத் தம்பிக்குச் சொன்னார். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று கேட்டு, இறங்கவில்லை என்றதும் என்னைப் பார்த்தார்.

"வா, வெம்பக்கோட்டைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்" என்றார்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.